நான் எழுதிக் கொடுத்த தரிசனம்

புதிதாக ஊழியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர்கள், தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: கள்ளப் போதகர்களை அடையாளம் காண ஏழு வழிகள். ஏழு என்று யார் முடிவு செய்தார்களோ தெரியாது. நான்கு நாள் உட்கார்ந்து யோசித்தேன். முதல் நாள் ஐந்து வழி எழுதினேன். இரண்டாம் நாள் அதில் மூன்றை அடித்தேன். மூன்றாம் நாள், மிச்சமிருந்த இரண்டும் எனக்கே பொருந்துவதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்தேன். நான்காம் நாள் இதை எழுத ஆரம்பித்தேன். ஏழு வழிகளை எதிர்பார்த்துப் பேனாவைத் திறந்து வைத்திருப்பவர்கள் மூடிவிடலாம். மை மிச்சமாகும்.

முப்பத்திரண்டு வருடம் சபைகளில் பெண் ஊழியராக இருந்தேன். பாதி கடலூரில், பாதி சிதம்பரத்தில். நம் வேலை என்னவென்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். பிரசங்க மேடையில் நிற்பது ஆயர். வீடு வீடாக ஏறி இறங்குவது நாம். எந்த வீட்டில் மருமகள் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள், எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை, யாருக்குக் குழந்தை தங்காமல் போனது, எல்லாம் ஆயருக்கு முன்னால் நமக்குத்தான் தெரியும். நாம் கேட்காமலே சொல்வார்கள். சொல்லி முடித்ததும், "ஜெபத்துல வச்சிக்கங்க, வேற யாருக்கும் தெரிய வேணாம்" என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு ஜெபக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொள்வோம். அந்தத் தலையாட்டலுக்கு எவ்வளவு கனம் என்பது எனக்குப் பல வருடம் தெரியவில்லை.

முதலில் கடலூரில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் புத்தி எப்படித் திரும்பியது என்பது அதிலிருந்துதான் புரியும்.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெற்றிலைக் கறை பிடித்த பல், கக்கத்தில் ஒரு துணிப்பை. ஆஸ்பத்திரியில் இருக்கிற நோயாளிகளுக்காக ஜெபம் செய்ய ஆசைப்படுவதாகவும், சபையிலிருந்து யாராவது கூட வந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். நான் வழக்கம்போல விசாரித்தேன். எந்தச் சபை, யார் அனுப்பினது, ஆயர் கொடுத்த கடிதம் எங்கே?

"லெட்டர்லாம் இல்லீங்கம்மா. எனக்கு லெட்டர் குடுக்கற அளவுக்குப் பெரிய ஆளுங்க யாரையும் தெரியாது" என்றார்.

அப்புறம் வேதத்திலிருந்து ஒரு கதை சொன்னார். எலியாவுக்கு நடந்ததை எலிசாவுக்கு நடந்ததாகச் சொன்னார். எனக்கு அது போதும். நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்பினேன், ஆனால் அவர் கேட் தாண்டியதும் மூன்று சபைகளுக்குப் போன் போட்டு, இப்படி ஒருவர் சுற்றுகிறார், ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டேன். அன்று என்மேல் எனக்கே பெரிய மரியாதை.

நாலைந்து மாதம் கழித்து, எங்கள் சபைப் பெண் ஒருத்திக்குப் பிரசவம் என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி தெரியாமல் ஆண்கள் வார்டுப் பக்கம் போய்விட்டேன். அங்கே அந்த மனுஷர், யாரும் பார்க்க வராத ஒரு கிழவரைப் புரட்டிப்போட்டு முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாரா வாரம் வருகிறாராம், நர்ஸ் சொன்னார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். கோபமே இல்லை. "வாங்கம்மா, இந்தாண்ட தோளக் கொஞ்சம் புடிங்க" என்றார். பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. புண்ணிலிருந்து வந்த நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. அதை வெளிக்காட்டாமல் நிற்பதற்கே பெரும்பாடாகிவிட்டது.

அந்த வெட்கம் எனக்கு நல்லது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு மனிதரைத் தப்பாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற உறுத்தலில், இனிமேல் ஊழியக்காரர் யாரையும் சந்தேகப்படுவதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு பக்கம் சாய்ந்த வண்டியை நிமிர்த்துகிறேன் என்று மறுபக்கம் கவிழ்த்தவள் நான். சிதம்பரத்தில் நடந்ததற்கு விதை அதுதான்.

சிதம்பரம் சபையில் வருடத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடக்கும். வெளியிலிருந்து ஒரு ஊழியரை அழைப்போம். அதற்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிறவர் முன்கூட்டியே ஜெபித்துக்கொண்டு வரட்டும் என்று, சபையாரின் ஜெபக் குறிப்புகளை ஒரு வாரம் முன்பே அவருக்கு அனுப்பிவிடுவோம். அந்தக் காலத்தில் தபால், இப்போது வாட்ஸ்அப். நல்ல எண்ணத்தில் வந்த பழக்கம்தான், எவரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. அனுப்புவது என் வேலை. நோட்டைப் பார்த்துப் பார்த்து, ஒரு விரலால் தட்டித் தட்டி, நாற்பது குறிப்புகளுக்கு மேல் அனுப்புவேன். பெயர் இல்லாமல் அனுப்பலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பெயர் தெரியாமல் எப்படி ஜெபிப்பார்?

அந்த வருடம் வந்தவர் கடலூர்க்காரர். பெயர் வேண்டாம், சகோதரர் என்றே சொல்கிறேன். எங்கள் மாவட்டத்துச் சபைகளில் நல்ல பேர் எடுத்தவர். முறையான கடிதம் இருந்தது. காரில் வரவில்லை, பஸ்ஸில் வந்து இறங்கினார். காணிக்கை வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போட்டோ எடுக்க வந்த பையன்களை, "என்னைய எடுத்து என்னா பண்ணப் போறீங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார். மதியம் தயிர்சாதம், அதுவும் அரை வயிறு. குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாள் முழுக்கத் தாழ்மையைப் பற்றிப் பேசினார், வேத வசனத்தில் ஒரு எழுத்துத் தவறவில்லை. கள்ளப் போதகர் என்றால் பணம் பிடுங்குவார், சத்தம் போடுவார், தன்னையே விளம்பரப்படுத்துவார் என்று நாம் பாடம் பண்ணி வைத்திருக்கிறோமே, அந்தப் பாடம் அவர் முன்னால் கைகட்டி நின்றது.

இப்போது நிர்மலா. இருபத்தாறு வயது. கடலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சிதம்பரத்தில் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டியில் போய், அங்கிருந்து பஸ் பிடிப்பாள். அப்பா கிடையாது, அம்மா எஸ்தர் மட்டும். நிர்மலாவுக்குப் பதினேழு வயதிலிருந்து வலிப்பு. காலையும் இரவும் மாத்திரை. மாத்திரையின் புண்ணியத்தில் இரண்டு வருடமாக வரவே இல்லை. எஸ்தர் அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாள். வலிப்பு விஷயம் உறவுக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். அது வருவதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று நிர்மலாவே ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தாள்.

"கேபிள் போயிட்டா டிவி இரையுமே ஆன்ட்டி, அந்த மாதிரி தலைக்குள்ள இரையும். அந்தச் சத்தம் கேட்டுட்டா, எங்க இருந்தாலும் உக்காந்துடணும். ஒரு நிமிஷந்தான் டைம்."

அதையும் நோட்டில் எழுதியிருந்தேன். அதையும் அனுப்பியிருந்தேன்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை மதியம். பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது சகோதரர் கண்ணை மூடியபடி, மெதுவாக, "நிர்மலா" என்றார். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"நிர்மலான்னு ஒரு மகள் இங்க இருக்கா. உன் தலைக்குள்ள ஒரு சத்தம். கேபிள் போன டிவி மாதிரி இரையற சத்தம். உங்க வீட்டு வாசல்ல ஒரு மரம் விழுந்திச்சே, அப்ப உன்னப் புடிச்ச வியாதி அது. இன்னிக்கு உன்ன விட்டுப் போவுது. மகளே, இனிமே உனக்கு எதுவும் தேவைப்படாது."

நான் இரண்டு கையையும் தூக்கி அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, தேம்பித் தேம்பி அழுதேன். ஒன்பது வருடமாக அந்தப் பெண்ணுக்காக ஜெபித்தவள் நான். கர்த்தர் கேட்டுவிட்டார், இந்த ஜனங்கள் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார் என்றே நம்பினேன். நானே தட்டி அனுப்பிய வார்த்தைகள் என்பது அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை. எப்படி உறைக்காமல் போகும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சாட்சியாகச் சொல்கிறேன், உறைக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம், கூட்டமெல்லாம் முடிந்து, போனில் இடம் இல்லை என்று பழையதை அழித்துக்கொண்டிருந்தேன். சகோதரருக்கு அனுப்பிய குறிப்புகள் கண்ணில் பட்டன. பதினெட்டாவது குறிப்பு, நிர்மலா. கேபிள் போன டிவி மாதிரி. எழுத்துப் பிசகாமல் அப்படியே.

மோசம் போய்விட்டோம் என்று நினைத்தேன். உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மரம்? மரத்தைப் பற்றி நான் எழுதவே இல்லையே? மூன்று தடவை படித்துப் பார்த்தேன். இல்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. ஆக, பாதி நான் சொன்னது. மீதி?

திங்கட்கிழமை எஸ்தர் வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஆமாக்கா, வாசல்ல வேப்பமரம் நின்னுச்சே. புயல்ல விழுந்துடிச்சு. அதே வாரந்தான் இவ மொதமொதல்ல விழுந்தா. நானே மறந்துட்டேன், கர்த்தர் மறக்கல பாருங்க" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அடுத்ததாகச் சொன்னாள்: "சனிக்கிழமையிலேர்ந்தே மாத்திரைய நிறுத்திட்டாக்கா. ஒண்ணும் வரல. வர்ற ஞாயித்துக்கெழம சபையில எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லப் போறா."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒருமுறை எனக்கும் எஸ்தருக்கும் சேர்த்தே சொல்லியிருந்தார். உயிருக்கே ஆபத்து. ஸ்கூட்டியில் போகும்போது வந்தால் கேட்கவே வேண்டாம். உடனே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மரம் என்னைத் தடுத்தது. புயலில் மரம் விழாத வீடு நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு மனது சொல்லும். அதே வாரம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்னொரு மனது கேட்கும். ஒருவேளை கர்த்தர்தானோ? உண்மையாகவே சுகமாகிவிட்ட பெண்ணை நான் போய்க் கலைத்துவிட்டால்? அதோடு, சொன்னால் நோட்டை அனுப்பியதையும் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எஸ்தர் கேட்டுக்கொண்டது என் காதிலேயே இருந்தது. பயத்துக்கு விசுவாசம் என்று பேர் வைத்துக்கொண்டு இரண்டு நாளை ஓட்டினேன்.

புதன்கிழமை ஆயரிடம் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவர், நல்ல மனிதர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்:

"சிஸ்டர், கர்த்தர் உங்க நோட்டயும் யூஸ் பண்ணலாம் இல்லயா? வேதத்துல கழுதை வாயால பேசுனவரு, வாட்ஸ்அப்பால பேச மாட்டாரா?"

வாசல்வரை வந்து, இதில் ஏதோ தப்பு இருக்கிறதே என்று திரும்பினேன். என்ன தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. மழுங்கிப் போயிருந்தேன். இப்போதும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இல்லை. "ஐயா, மாத்திரை நிறுத்தியிருக்கா" என்று மட்டும் சொன்னேன். "அவரு மாத்திரையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே சிஸ்டர்" என்றார். அதுவும் உண்மைதான்.

சனிக்கிழமை காலையில் கடலூருக்குப் பஸ் ஏறினேன். சகோதரர் வீடு மஞ்சக்குப்பத்தில், சின்ன வாடகை வீடு. அவர் மனைவி டீ போட்டுக் கொடுத்தார். போனைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பதினெட்டாவது குறிப்பு. சண்டை போடும் தெம்போடுதான் போயிருந்தேன்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இத நான் படிச்சிருக்கேன் சிஸ்டர். படிச்சிருக்கத்தான் செய்யணும். ஆனா அன்னிக்குக் கண்ண மூடுறப்ப இது ஞாபகத்துல இல்ல. சத்தமா, படமா வந்திச்சு. எது படிச்சது, எது அவர் காட்டுனதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல."

"மரம்?"

"அது எங்கேந்து வந்திச்சுன்னு தெரியல."

அழுதார். நடிப்பு இல்லை, முப்பத்திரண்டு வருடத்தில் நடிக்கிற அழுகையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தனக்காக ஜெபிக்கச் சொன்னார், நானும் ஜெபித்தேன். கள்ளரைப் பிடிக்கப் போனவள், அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம்.

கடைசியில் ஒன்று கேட்டேன். "அந்தப் பொண்ணுக்கு ஒரே ஒரு போன் போடுங்க பிரதர். மாத்திரைய எடுத்துக்கம்மா, நான் தப்பாச் சொல்லியிருக்கலாம்னு ஒரு வார்த்தை. அது போதும்."

"கர்த்தர் நாமத்துல சொன்னத எப்பிடி சிஸ்டர் திருப்பி வாங்குறது? அவ விசுவாசமே ஒடைஞ்சிடாது?" என்றார். நான்கு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அழுதார், ஆனால் போனைத் தொடவில்லை.

அவர் கள்ளப் போதகரா? எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. ஏமாற்ற வந்தவர் இல்லை. ஆனாலும், ஒரு பெண்ணின் உயிரைவிடத் தான் சொன்ன சொல் உயரமாகத் தெரிந்த அந்த இடத்தில் எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது பரங்கிப்பேட்டை தாண்டியதும் அதைவிடப் பெரிய பயம் வந்தது. போன் போடாதவர் அவர் ஒருத்தர்தானா? ஞாயிறு சாயங்காலத்திலிருந்து ஆறு நாளாக என் கையிலும் போன் இருந்ததே.

நேராக எஸ்தர் வீட்டுக்குப் போனேன். நிர்மலா மறுநாள் சொல்லப்போகும் சாட்சியை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். எஸ்தர் உள்ளே சமையலில் இருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, போனைக் காட்டிக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதியது, நான் அனுப்பியது, ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரிந்துபோனது, ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. மரம் எனக்கும் புரியவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை.

நிர்மலா போனை வாங்கிப் பார்த்தாள். அவள் என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். பாய்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அது என்னோட வார்த்தைன்னு எனக்குத் தெரியாதா ஆன்ட்டி?" என்றாள். "உங்கள்ட்ட மட்டுந்தான் சொன்னேன். டாக்டர்கிட்டகூட அப்பிடி சொன்னதில்ல. அவரு சொன்ன ஒடனே, இது ஆன்ட்டி சொல்லிக் குடுத்ததுன்னுதான் நெனச்சேன். கோவமாகூட வந்திச்சு. சரின்னு திரும்பி ஒங்களப் பாத்தேன்."

"என்ன பாத்தே?"

"நீங்க கையத் தூக்கி அழுதுகிட்டு இருந்தீங்க. அப்பிடி நீங்க அழுது நான் பாத்ததே இல்ல. எழுதிக் குடுத்தவங்க இப்பிடி அழுவாங்களா? அப்ப ஆன்ட்டி சொல்லல, இது கர்த்தர்தான்னு முடிவு பண்ணேன். அந்த பிரதர் யாரு எனக்கு? மூணு நாளு வந்துட்டுப் போனவரு. ஒங்கள வச்சித்தான் ஆன்ட்டி நிறுத்துனேன்."

சமையலறையில் சத்தம் நின்றுவிட்டது. எஸ்தர் வாசற்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். டாக்டர் என்னைத் திட்டவில்லை, எஸ்தரைத் திட்டினார். அதையும் நான் கேட்டுக்கொண்டு நின்றேன். மாத்திரை மறுபடி தொடங்கியது, ஸ்கூட்டி ஒரு மாதத்துக்குக் கூடாது என்றார். அந்த ஒரு வாரத்தில் வலிப்பு வரவே இல்லை. அதுதான் என்னை இன்றும் குழப்புகிறது. வந்திருந்தால் எல்லாம் தெளிவாகியிருக்கும் என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காக என்னையே நொந்துகொண்ட நாட்கள் உண்டு.

மறுநாள் ஆராதனையில் சாட்சி நேரத்தில் நிர்மலா எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன். ஜெபக் குறிப்புகளை வெளியே அனுப்பியது நான், அவை திரும்பி வந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டு அழுததும் நான், இனி எவருடைய குறிப்பும் என் கையை விட்டு வெளியே போகாது என்று சொன்னேன். நாலு வாக்கியம். ஆயர் தலைகுனிந்துகொண்டார். பின்னாலிருந்து ஒரு மூப்பர், "சிஸ்டர், கெடைச்ச சுகத்த நீங்களே திருப்பி எடுத்துட்டீங்க, உங்களுக்கு விசுவாசம் கம்மி" என்றார். சபையில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்கள் சொல்வது தப்பென்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நிர்மலாவுக்குப் பேசிக்கொண்டிருந்த இடமும் அதற்குள் நின்றுபோயிருந்தது. கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அன்றே செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கு, லால்பேட்டை வரைக்கும் போய்விட்டதாம். அதற்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது, எஸ்தர் என்னோடு பேச ஒரு வருடம் ஆனது.

ஆகவே, வருகிற ஆளின் பையைச் சோதியுங்கள், கடிதத்தைக் கேளுங்கள், வசனம் சரியாகச் சொல்கிறாரா என்று பாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தப்பாகச் சொன்னால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கட்டாயம் பாருங்கள். ஆனால் வெளியிலிருந்து வருகிறவரை ஜனங்கள் அவரை வைத்து நம்புவதில்லை. முப்பது வருடம் அவர்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து காபி குடித்த நம்மை வைத்து நம்புகிறார்கள். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, எல்லோரும் என்மேல் படாமல் விலகிச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நிர்மலா பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிச்சிடும்மா என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம் ஆன்ட்டி. அடுத்த தடவ யாராவது என் பேரச் சொன்னாங்கன்னா, அழுவறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்னைப் பாருங்க."